கட்டருக்கு வலை போடலாமா? எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்த கணக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி பிறந்த முதல் வாரம், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற மும்முரத்தில் அப்பா மூங்கில் ஏணியைக் கொல்லைப்புறச் சாய்ப்பில் சாத்தி ஏறினார். ஓட்டு ஓரத்தில் ஓடும் தகரக் கால்வாயில் மக்கிக் கிடந்த இலையைக் கையால் அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர், ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டியிருக்கிறதே என்று ஓரடி எட்டி அள்ளப்போக, கிணற்றடி ஈரத்தில் ஏணியின் கால் வழுக்கிவிட்டது. பத்தடி உயரம்தான். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து, இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறார். அப்போது அவருக்கு 68 வயது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் சொன்னது, "கட்டருக்கு வலை போட்டுவிடுங்களேன், இனிமேல் யாரும் ஏறவே வேண்டாம்" என்பதுதான். அந்த வார்த்தையை நம்பி நான் செலவு செய்தேன், ஒரு முறை ஏமாந்தேன், பிறகு இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீடு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நான் வேலை நிமித்தம் திருச்சியில் இருக்கிறேன். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். இப்படி வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு டெல்டாவில் தெருவுக்குப் பத்தாவது இருக்கும், அவர்களுடைய பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கட்டர் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது. தெருவில் ஓடும் சாக்கடையை இல்லை. ஓட்டிலிருந்தோ தகரக் கூரையிலிருந்தோ வழியும் மழைத் தண்ணீரை இறவாணத்திலேயே, அதாவது கூரையின் கீழ் விளிம்பிலேயே, பிடித்துக் குழாய்க்குக் கொண்டுபோகிற கால்வாய். தகரத்தில் மடித்தது, பிவிசியில் அரைவட்டமாக வருவது, இரண்டையும் கடையில் கட்டர் என்றால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் வாயில் இலை விழாமல் மேலே போடும் வலையும் மூடியும்தான் இப்போது பேச்சு.

எங்கள் வீட்டு அளவைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கணக்குக்கு உதவும். தெருப் பக்கம் திண்ணைக்கு மேலே தாழ்வாரத்து ஓரம் 24 அடி. கொல்லைப்புறச் சாய்ப்பு 22 அடி. பின்கட்டில் காங்கிரீட் அறை கட்டி, அதன் மாடியில் கலர் ஷீட் போட்ட கொட்டகைக்கு இரண்டு பக்கமும் 19, 19 அடி. மொத்தம் 84 அடி. நடுவில் முற்றம் இருக்கிறது. அதற்குக் கட்டர் கிடையாது, நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நேராக முற்றத்தில் கொட்டித் தூம்பு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடும், பாட்டி காலத்தில் அண்டாவும் குடமும் வரிசையாக வைத்துப் பிடித்தது போக மிச்சம்.

அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் எனக்கு முதல் சந்தேகமே வந்தது. வலை வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், அந்த இடத்தில் கட்டரே வேண்டுமா என்று கேட்க வேண்டும். பழைய வீடுகளில் இறவாணத்தை இரண்டடி வெளியே நீட்டியிருப்பார்கள், தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழும், விழும் இடத்தில் கருங்கல்லோ செங்கல்லோ பாவியிருக்கும். அப்படி இருக்கும் பக்கத்துக்குக் கட்டர் தேவைப்படுவதில்லை. கட்டர் இல்லாத இடத்தில் அடைப்புக்கு ஏது வேலை?

ஆனால் நம் ஊர் மண் களிமண், தரையும் தட்டை. சுவரோரம் தேங்கிய தண்ணீர் வழிந்து போக இடம் இருக்காது, மார்கழி வரைக்கும் அங்கேயே நிற்கும். செங்கல் சுவரில் ஓதம் ஏறி, முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உரிந்து உப்புப் பூத்து நிற்கும் வீடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். பக்கத்து வீட்டுச் சுவரில் நம் தண்ணீர் விழுகிறது என்று சண்டை வருவதும் உண்டு. அந்த மாதிரி இடத்துக்குக் கட்டர் வேண்டும். கடலோரம், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிற ஊர்களில் மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கவே வைத்துக்கொள்கிறவர்களுக்கும் கட்டாயம் வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது அமைத்த குழாயும் தொட்டியும் பல வீடுகளில் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன, மேலே அடைத்துக்கொண்டிருப்பதால் தண்ணீர்தான் வருவதில்லை.

சரி, கட்டர் வேண்டிய இடத்துக்கு வருவோம். என்ன அளவு தண்ணீர் அதில் ஓட வேண்டியிருக்கிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் சுமார் 93 சதுர மீட்டர். கார்த்திகையில் அடித்து ஊற்றும்போது ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொண்டால் 4,650 லிட்டர், நிமிடத்துக்கு 77 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்து குடம். நிமிடத்துக்கு ஐந்து குடத்தை யாரோ மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதை நினைத்துப் பாருங்கள். அதைத்தான் வலை தன் ஓட்டைகள் வழியாக உள்ளே விட வேண்டும். தூறல் மழைக்கு எந்த வலையும் நன்றாகத்தான் இருக்கும். கடையில் மாதிரித் துண்டின் மேல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள், அதை வைத்து முடிவு பண்ணக் கூடாது.

இப்போது என்னென்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். நான் விசாரித்தவையும், போட்டவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தவையும் மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் மலிவு, நம் ஆட்கள் சொந்தமாகச் செய்துகொள்வது: கோழிவலையோ ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையோ வெட்டி மேலே விரித்துக் கம்பியால் கட்டுவது. கோழிவலையில் பூவரசு இலை, மாவிலை, வாதாம் இலை எல்லாம் மேலேயே நின்றுவிடும், வேப்பிலையும் புளியிலையும் உள்ளே விழுந்துவிடும். கொசுவலையில் எதுவும் உள்ளே விழாது, ஆனால் ஒரு ஆடிக்காற்றுத் தூசு படிந்து அதன் மேல் ஒரு மழை பெய்தால் கண்ணெல்லாம் சேறு பூசின மாதிரி மூடிவிடுகிறது, அதற்கப்புறம் தண்ணீர் வலைக்கு மேலேயே ஓடி வெளியே கொட்டுகிறது. பிளாஸ்டிக் வலை என்றால் வெயிலில் இரண்டு மூன்று வருஷத்தில் நொறுங்கத் தொடங்கி, அந்தத் துண்டுகளே குழாயில் போய் அடைக்கும்.

அடுத்தது பஞ்சு. கருப்பாக, கட்டர் அளவுக்கு முக்கோணமாக வெட்டின நுரைப் பஞ்சை உள்ளே திணித்துவிட வேண்டியதுதான், ஆணி வேண்டாம், ஆள் வேண்டாம் என்றார்கள். நான் ஏமாந்தது இதில்தான். கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கி, கொல்லைப்புறத்து 22 அடிக்கும் திணித்தோம். முதல் மழைக்காலம் தொந்தரவே இல்லை, ஊரில் நாலு பேருக்கு நானே சிபாரிசும் செய்தேன். மறு வருஷம் ஆவணியில் அம்மா போனில், "கட்டர்ல வேப்பங்கன்னு மொளச்சிருக்கும்மா, வரிசையா நாத்து விட்ட மாதிரி" என்று சொன்னபோதுதான் விளங்கியது. ஆனி, ஆடியில் உதிர்ந்த வேப்பம்பழத்துக்கு அந்த ஈரப் பஞ்சு நல்ல நாற்றங்காலாக இருந்திருக்கிறது. பிடுங்கி எடுத்தால் பஞ்சு முழுக்க வண்டல், வேர், மண்புழு. வேம்போடு போனால் பரவாயில்லை, காக்கை எச்சத்தில் அரசங்கன்று விழுந்து அதன் வேர் சுவருக்குள் இறங்கியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதாகியிருக்கும். மேலே மரம் இருக்கும் வீட்டுக்குப் பஞ்சு வேண்டவே வேண்டாம். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நீளமாக வரும் பிரஷ்ஷும் இதே ரகம்தான், தேங்காய் நார், அணில் கூட்டுக் குப்பை எல்லாம் அந்த மயிரில் சிக்கிக்கொண்டால் எடுக்கப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. நான் பார்த்தவற்றில் நம் ஊருக்குக் கொஞ்சமாவது ஒத்துவருவது இது. ஓட்டைகள் பெரிதாக இருப்பதால் பெருமழையை உள்ளே விடுகிறது, இலை காய்ந்ததும் காற்றில் பறந்துவிடுகிறது, ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் காற்றுக்கும் நிற்கிறது. வேப்பிலைக் காம்பும் புளியம்பூவும் உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் அவை தண்ணீரோடு குழாயில் ஓடிவிடக் கூடியவை. எங்களுக்கு ஆள் கூலியோடு ரன்னிங் அடிக்கு 180 ரூபாய் சொன்னார்கள்.

நான்காவது, ரொம்ப நுணுக்கமான ஸ்டீல் வலை. விலை இதைவிட இரண்டு மடங்குக்குப் பக்கம். சின்ன இலையைக்கூடத் தடுக்கும் என்பது உண்மை. தொட்டியில் குடிதண்ணீர் பிடிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் இலை ஊறின தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிடும். ஆனால் கொசுவலைக்குச் சொன்ன அதே குறை இதற்கும் உண்டு, வருஷம் ஒரு தடவையாவது மேலே தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னொன்று, கடலோரத்து ஆட்கள் இதைக் கவனியுங்கள்: ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய தகரக் கட்டரின் மேல் ஸ்டீல் வலையைப் போட்டு முடுக்கினால், உப்புக் காற்று ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒட்டியிருக்கும் இடத்தில் தகரத்தின் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் தின்னப்பட்டுப் போகும். வலை பளபளவென்று இருக்கும், கட்டர் துருப்பிடித்து விழும். தரங்கம்பாடி, வேளாங்கண்ணி மாதிரி இடங்களில் பிவிசி கட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டீலிலும் 304-ஐவிட 316 என்ற ரகம்தான் உப்புக் காற்றுக்குத் தாங்கும், கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, வளைந்த மூடி. டம்ளரைச் சாய்த்து ஊற்றும்போது தண்ணீர் கீழே விழாமல் டம்ளரின் அடியை ஒட்டிக்கொண்டு வழியும் இல்லையா, அந்தத் தத்துவம்தான். மேலே முழுசாக மூடியிருக்கும், தண்ணீர் மட்டும் வளைவை ஒட்டித் திரும்பி ஒரு இடுக்கு வழியாக உள்ளே போகும், இலை நேராக வெளியே விழுந்துவிடும். படத்தில் பார்க்க அருமையாக இருக்கும். மழை மெதுவாகப் பெய்யும்வரை அப்படித்தான் நடக்கும். மங்களூர் ஓட்டுச் சாய்ப்பில் வேகமாக இறங்கும் நம் கார்த்திகை மழை வளைவில் திரும்பாமல் தாண்டி வெளியே பாய்ந்துவிடும், அப்போது கட்டரே இல்லாத மாதிரிதான். நாட்டு ஓட்டு வீட்டுக்கு இதைப் பொருத்தவே முடியாது, ஓட்டின் விளிம்பு ஒரு நேராக இருக்காது. விலையும் எல்லாவற்றிலும் அதிகம். இதை நான் தள்ளிவிட்டேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. இந்த வலையும் மூடியும் அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி நாடுகளில் பெருகியவை. அங்கே அக்டோபர், நவம்பரில் மரங்கள் மொத்தமாக இலையைக் கொட்டும், அதே சமயத்தில் மழையும் பெய்யும், இன்றைக்கு அள்ளினால் நாளைக்கு மறுபடி நிறைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு மூடி நியாயம். நம் காவிரிக் கரையில் எப்படி? வேம்பும் அரசும் தூங்குமூஞ்சியும் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். புங்கன் அதை ஒட்டி. அப்போது வானம் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது அதே மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கும். வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அதாவது இலைக்கும் மழைக்கும் நடுவில் நமக்கு ஆறு ஏழு மாதம் இடைவெளி கிடைக்கிறது. புரட்டாசிக் கடைசியில், குறுவை அறுவடைத் தூசும் பதரும் பறந்து ஓய்ந்த பிறகு ஒரு தடவை சுத்தமாக வாரிவிட்டால், அந்த மழைக்காலம் பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடுகிறது. எங்கள் அப்பா செய்த ஒரே தப்பு, அதை ஐப்பசிக்குத் தள்ளிப் போட்டு, தரை நனைந்த பிறகு தனியாக ஏறியது.

இதற்கு விலக்கு உண்டு. முருங்கை மழை அதிகமானால் இலை பழுத்துக் கொட்டும், கிளையும் முறிந்து விழும். எங்கள் கொல்லை முருங்கையைக் கம்பளிப்பூச்சிக்குப் பயந்து அம்மா ஏற்கெனவே வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார், இதோடு சேர்த்து இறவாணத்துக்கு மேலே வந்த கிளையை எடுத்துவிட்டோம். பூவரசு வருஷம் முழுக்க மஞ்சள் இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும், ஒரு இலையே குழாய் வாயை மூடப் போதும். நாட்டு வாதாம் வருஷத்தில் இரண்டு தடவை சிவந்து கொட்டும். தென்னையில் பாளையும் பூவும் குரும்பையும் எந்த மாதமும் விழும், மட்டை விழுந்தால் வலையோடு சேர்ந்து கட்டரே நெளிந்துவிடும், அதற்கு எந்த மூடியும் தாங்காது. ஆக உங்கள் கூரைக்கு நேர் மேலே எந்த மரம் நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் எத்தனையோ வீட்டுத் தென்னைகள் போய்விட்டன. அந்தத் தென்னைகள் இருந்தபோது சரியாக இருந்த யோசனை இன்றைக்கு அதே வீட்டுக்குப் பொருந்தாது. புயல் என்றதும் இன்னொன்று: கிளிப்பில் சொருகிவைக்கும் வகை மூடிகள் அந்தக் காற்றில் பறக்கும், பறந்த தகடு யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஸ்க்ரூ போடாத எதையும் மாடியில் வைக்காதீர்கள்.

பணக் கணக்கு. 84 அடிக்கும் அலுமினியத் தகடு போட்டால் அடிக்கு 180 வீதம் 15,120 ரூபாய். வலை இல்லாமல் இருந்தால் புரட்டாசியில் ஒரு தடவை, ஆடி முடிந்து ஒரு தடவை என்று ஆளை விட்டுச் சுத்தம் செய்ய அரை நாள் கூலி 500 வீதம் வருஷத்துக்கு 1,000. வலை போட்டால் இந்த ஆயிரமும் மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். வழக்கமாக எங்கள் வீட்டுக்கு வந்து ஏறுகிற தம்பியிடம் கேட்டபோது அவர் சொன்னது: "வலை போட்டா நான் வலையக் கழுவ ஏறணுமே அக்கா." சரிதான். வலை போட்ட வீட்டிலும் வருஷம் ஒரு தடவை மேலே கிடக்கும் குப்பையைத் தள்ள வேண்டும், நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே படிந்த வண்டலை வார வேண்டும், அந்தக் கூலி இன்னும் அதிகம். மிச்சமாவது வருஷத்துக்கு 500 என்று தாராளமாக வைத்தாலும் 15,120 ரூபாய் திரும்பி வர முப்பது வருஷம் ஆகும். தகடு அவ்வளவு நாள் இருக்குமா என்பதே சந்தேகம். உங்கள் ஊர்க் கூலியையும் உங்கள் அடியையும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான வீடுகளுக்கு இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

ஆனால் அப்பா விழுந்த பிறகு எனக்குப் பணக் கணக்கு இரண்டாவதாகிவிட்டது. யார் ஏறுவது என்பதுதான் முதல் கேள்வி. வலை இருக்கிறது, இனி ஏற வேண்டாம் என்று நம்பிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் ராத்திரி அடைமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வழியும்போது எழுபது வயதுக்காரர் ஏணியைத் தூக்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. வலைக்குக் கீழே அடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. திறந்திருக்கும் கட்டரை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொசுவையும் சொல்ல வேண்டும். கட்டரில் வாட்டம் சரியில்லாமல் ஒரு இடத்தில் தண்ணீர் நின்றால் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும். காய்ந்துபோன முட்டைகூட மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கோழிவலையோ ஓட்டைத் தகடோ கொசுவைத் தடுக்காது, நிழலும் கொடுத்து நாம் எட்டிப் பார்க்கவும் முடியாமல் செய்துவிடும். இதற்கு மருந்து வாட்டம் மட்டும்தான். பத்தடிக்கு அரை அங்குலமாவது குழாயை நோக்கிச் சரிவு இருக்கிறதா என்று டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வருஷக்கணக்கில் தொங்கித் தொங்கி நடுவில் வயிறு விழுந்திருக்கும். எங்கள் கொல்லைப்புறத்தில் இரண்டு கிளாம்ப்பை ஏற்றி அடித்ததிலேயே பாதித் தொல்லை போய்விட்டது. அந்த வேலைக்கு ஆனது இருநூறு ரூபாய்.

இன்னொரு மலிவான சமாச்சாரம், வலை வாங்கும் முன் எல்லோரும் செய்ய வேண்டியது: குழாய் வாயில் மட்டும் ஒரு குமிழ் வலை. பந்தைப் பாதியாக வெட்டின மாதிரி கம்பியில் வரும். கட்டர் முழுக்க இலை கிடந்தாலும் தண்ணீர் குமிழின் பக்கவாட்டில் புகுந்து இறங்கிவிடும், குழாய்க்குள் இலை போய்ச் சிக்காது. குழாய் உள்ளே அடைத்தால்தானே செலவு, எல்போவைக் கழற்ற வேண்டும், சுவருக்குள் பதித்த குழாய் என்றால் உடைக்க வேண்டும். காங்கிரீட் மொட்டைமாடி வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இது ஒன்றுதான். உங்களுக்குக் கட்டர் கிடையாது, மாடி மூலையில் தண்ணீர் போகும் ஓட்டைதான் இருக்கிறது. அதில் தட்டையாக ஒரு ஜாலி வைத்திருப்பார்கள், அதன் மேல் இரண்டு பூவரசு இலை படுத்தால் மாடி குளமாகிவிடும். தட்டை ஜாலியை எடுத்துவிட்டுக் குமிழ் வையுங்கள். குடிக்கத் தண்ணீர் பிடிப்பவர்கள், எந்த வலை இருந்தாலும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். காக்கை எச்சமும் தூசும் எல்லா வலையிலும் கரைந்து இறங்கும்.

கூடல்வாய் இருக்கும் வீட்டுக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். இரண்டு சாய்ப்பும் சேரும் இடத்தில் இரண்டு கூரைத் தண்ணீரும் ஒரே தாரையாக வந்து விழும், அந்த மூலையில் எந்த வலையைப் போட்டாலும் தண்ணீர் அதன் மேல் மோதித் தெறிக்கும். அந்த இரண்டடியைத் திறந்தே விட்டுவிட்டு, கூடல்வாய்த் தகரத்தில் இலை தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அங்கே அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கடியில் ஏறி, ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் இறங்கும், கைமரம் உளுத்தால் அந்தச் செலவுக்கு முன்னால் கட்டர் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்றால், பக்கத்துக்கு ஒரு முடிவாகச் செய்தோம். தெருப் பக்கத் தாழ்வாரம் ஏழடி உயரம்தான், குனிந்துதான் உள்ளே நுழைவோம். முக்காலி போட்டாலே கை எட்டும், கழியில் துடைப்பம் கட்டித் தரையில் நின்றே தள்ளலாம், அதனால் அங்கே எதுவும் போடவில்லை. கொல்லைப்புறத்தில் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பூவரசுக் கிளையைக் கழித்து, கிளாம்ப்பைச் சரிசெய்து, குமிழ் வைத்துத் திறந்தே விட்டிருக்கிறோம், அதற்கு ஆள்தான் ஏறுவார். மாடிக் கொட்டகையில் ஒரு பக்கத்து 19 அடி, கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாகத்தான் தண்ணீர் விழுகிறது, அங்கே கட்டரே வீண் என்று கழற்றிவிட்டோம், தண்ணீர் மாடித் தரையில் விழுந்து குமிழ் வழியாக இறங்குகிறது. இன்னொரு பக்கத்து 19 அடி மூன்றடிச் சந்துக்கு மேலே இருபதடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏணியைச் சாத்த இடமே இல்லை, அந்தப் பக்கத் தெரு வேம்பின் கிளையும் நம்முடையது இல்லை, வெட்ட முடியாது, கட்டரை எடுத்தால் எதிர்ச் சுவரில் தண்ணீர் அடிக்கும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓட்டைத் தகடு, 3,420 ரூபாய். அதையும் மாடியில் நின்றபடியே நீளக் கழி பிரஷ்ஷால் தள்ளும்படி, விளிம்பை உயர்த்தாமல் சரிவாகப் பொருத்தச் சொன்னோம். இரண்டு கார்த்திகை தாண்டிவிட்டது, இதுவரை வழியவில்லை.

உங்கள் வீட்டிலும் மொத்த நீளத்தையும் ஒரே கேள்வியாகக் கேட்காமல், ஒவ்வொரு பக்கமாக நின்று பாருங்கள். எட்டுமா, மேலே என்ன மரம், தண்ணீர் கீழே விழுந்தால் என்ன கெடும் என்ற மூன்றைக் கேட்டாலே முக்கால்வாசி நீளத்துக்கு வலை வேண்டாம் என்று தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால் கட்டரின் மேட்டு முனையில் நாலைந்து குடம் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, எங்கே நிற்கிறது, எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று பார்த்துவிடுங்கள். வலை போட்ட பிறகும் அதே குடத்தை ஓட்டின் மேல் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மீதிக் கூலியைக் கொடுங்கள். வீட்டில் ஏணி இருந்தால் அதைச் சுலபத்தில் எடுக்க முடியாத இடத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மூங்கில் ஏணியை நாங்கள் அறுத்துப் பந்தலுக்குப் போட்டுவிட்டோம், ஆள் வரும்போது இரும்பு ஏணியை அவரே கொண்டுவருகிறார், கீழே பிடித்துக்கொள்ள இன்னொருவரும் வருகிறார்.

இந்த வருஷம் புரட்டாசிக் கடைசி வாரத்துக்கு அவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்த மூலையில் எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு கூடையையும் கேட்டுக்கொள்வார்.